பி.ஆர்க். முடித்துக் கனடா போகிறவர்களுக்கு: படிப்புக்குச் சான்று வாங்கும் வழி

இந்தியாவில் பி.ஆர்க். முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவெண் வாங்கியவர் சட்டப்படி ஆர்க்கிடெக்ட். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் அதைச் சொல்கிறது. டொரான்டோவிலோ வான்கூவரிலோ அந்தப் பதிவெண்ணுக்குச் சட்ட மதிப்பு இல்லை. அங்கே ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல்லையே உரிமம் இல்லாதவர் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது. விசிட்டிங் கார்டுக்கு மட்டுமல்ல, லிங்க்ட்இன் பக்கத்துக்கும் இது பொருந்தும். சென்னையில் பதினைந்து வருடம் தொழில் செய்தவராக இருந்தாலும் முதல் வேலை படிப்புக்குச் சான்று வாங்குவதுதான்.

அந்தச் சான்றைத் தருவது கனடியன் ஆர்க்கிடெக்சுரல் சர்டிஃபிகேஷன் போர்டு. தலைமையிடம் ஒட்டாவா. எல்லோரும் சி.ஏ.சி.பி. என்பார்கள். மாகாண ஆர்க்கிடெக்ட் சங்கங்கள் 1976-ல் இதற்கென்றே அமைத்த வாரியம் இது. கனடியப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் பொறுப்பு பிறகு 1991-ல் சேர்ந்தது. உரிமம் தருவது இந்த வாரியம் அல்ல. அதை மாகாண அமைப்புகள் தருகின்றன: ஒன்டாரியோவில் ஓ.ஏ.ஏ., பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏ.ஐ.பி.சி., கியூபெக்கில் ஓ.ஏ.க்யூ. நாடு முழுவதும் இப்படி 11 அமைப்புகள் இருக்கின்றன. நாடு தழுவிய ஒரே உரிமம் என்று எதுவும் கிடையாது. ஆனால் பதினொன்றும் படிப்பைப் பொறுத்தவரை ஒட்டாவாவின் சொல்லையே ஏற்கின்றன. எந்த மாகாணத்தில் குடியேறுவது என்று முடிவாகாவிட்டாலும் இந்த விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம்.

வழக்கமான பாதை மூன்று படிகள் கொண்டது. முதலில் படிப்புச் சான்று. அடுத்தது மாகாண அமைப்பில் இன்டர்னாகப் பதிந்து 3,720 மணி நேர அனுபவம். மூன்றாவது எக்ஸாக் என்ற தேர்வு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் படியைப் பற்றியது. கோப்பு அதிகமாகத் திரும்பி வருவதும், மாதக்கணக்கில் கிடப்பதும் அங்கேதான்.

குடியேற்றத்துக்கான மதிப்பீடு வேறு, இது வேறு

முதல் குழப்பம் இங்கேதான் வரும். எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகக் குடியேற விண்ணப்பிப்பவர்கள் ஈ.சி.ஏ. என்ற கல்வி மதிப்பீட்டை வாங்குகிறார்கள். பெரும்பாலோர் டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனத்திடம் வாங்குவார்கள். அந்த அறிக்கை ‘இது கனடாவின் இன்ன பட்டத்துக்குச் சமம்’ என்று ஒரு வரி சொல்லும். அது குடியேற்ற அதிகாரி மதிப்பெண் போடுவதற்கு. 5 ஆண்டுகள் செல்லும். ஆர்க்கிடெக்ட் உரிமத்துக்கு அது உதவாது. அதைக் கொண்டுபோய் ஓ.ஏ.ஏ.யில் கொடுத்தால் ‘சி.ஏ.சி.பி. சான்று எங்கே’ என்றுதான் கேட்பார்கள்.

முதன்மைத் தொழிலாக ‘ஆர்க்கிடெக்ட்’ என்று, அதாவது 21200 என்ற தொழில் குறியீட்டைக் காட்டி விண்ணப்பிப்பவர்கள் குடியேற்றத்துக்கான ஈ.சி.ஏ.வையே சி.ஏ.சி.பி.யிடம்தான் வாங்க வேண்டும். ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜிஸ்ட் என்று 22210-ஐக் காட்டுபவர்களுக்கு டபிள்யூ.ஈ.எஸ். போதும். சி.ஏ.சி.பி.யிடமே வாங்கினாலும், ஈ.சி.ஏ.வும் உரிமத்துக்கான படிப்புச் சான்றும் வெவ்வேறு நோக்கம் கொண்டவை. எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று படிவத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எந்தக் கதவு உங்களுக்கு

படித்து முடித்து இரண்டு, மூன்று, ஐந்து வருடம் ஆனவர்களுக்கு மேலே சொன்ன மூன்று படிப் பாதைதான். நீண்ட அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. அதன் பெயர் பெஃபா. வெளிநாட்டில் உரிமம் பெற்று, குறைந்தது 7 ஆண்டுகள் தொழில் செய்த ஆர்க்கிடெக்ட்டுகளுக்கானது. இதையும் சி.ஏ.சி.பி.தான் நடத்துகிறது. இதில் இன்டர்ன் காலமும் இல்லை, எக்ஸாக்கும் இல்லை. அதற்குப் பதிலாக, கனடாவில் ஓர் ஆர்க்கிடெக்ட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதை நான் இன்ன கட்டடத்தில் இப்படிச் செய்தேன்’ என்று எழுத்தில் நிறுவ வேண்டும். பிறகு ஆர்க்கிடெக்ட்டுகள் அடங்கிய குழுவின் முன் நேர்காணல்.

ஏழு வருடம் என்றதும் உடனே பெஃபாவுக்கு ஓட வேண்டாம். அந்த ஏழு வருடமும் ரெண்டரிங் செய்வதிலும் ஒர்க்கிங் டிராயிங் போடுவதிலும் போயிருந்தால் நேர்காணலில் நிற்க முடியாது. ஒப்பந்த ஆவணம், தளக் கண்காணிப்பு, கட்டுமானச் செலவு, விதிமுறை அனுமதி ஆகிய நான்கிலும் சொந்தப் பொறுப்பில் வேலை பார்த்திருக்க வேண்டும். கனடியக் கட்டட விதிகளையும் குளிர்நாட்டுச் சுவர், கூரை அமைப்புகளையும் படித்துக்கொண்டு போக வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்ற நம் ஊர்ப் பழைய கூரை பற்றி நன்றாகப் பேசுகிறவரிடம் ‘வேப்பர் பாரியரை, அதாவது ஈரம் புகாமல் தடுக்கும் படலத்தை, சுவரில் எந்தப் பக்கம் வைப்பீர்கள்’ என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட்: யாரிடம் கேட்பது

சி.ஏ.சி.பி.க்குத் தேவையான முதல் ஆவணம் அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பும் மார்க் ஷீட் டிரான்ஸ்கிரிப்ட் ஆகாது. கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் ஆகாது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே தன் முத்திரையோடு, உங்கள் கைபடாமல், நேராக அனுப்புவதுதான் டிரான்ஸ்கிரிப்ட்.

யார் பட்டம் வழங்கியது என்ற கேள்விக்கு நம் ஊரில் பதில் எப்போதும் நேராக இருப்பதில்லை. கல்லூரி வாசலில் இருந்த பெயரைப் பார்க்காதீர்கள். பட்டச் சான்றிதழின் தலைப்பைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் படித்தவர் கிண்டியில் உள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டுத் தரும் நகலுக்கு இங்கே மதிப்பில்லை. கல்லூரி மூடப்பட்டிருந்தாலும் கவலை வேண்டாம், மதிப்பெண் பதிவுகள் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மார்க் ஷீட்டைக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டாளரும் பட்டத்தைப் பல்கலைக்கழகமும் கொடுத்திருக்கும். அப்போது இரண்டு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் ஓரிடம், வேலை சுலபம்.

பழைய பட்டங்களில் வரலாறு குறுக்கே வரும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகம் ஆனது 2001-க்குப் பிறகு. அதற்கு முன் இணைப்புக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களின் பட்டம் சென்னை, மதுரை காமராசர், பாரதிதாசன், பாரதியார் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் பெயரில் இருக்கும். டிரான்ஸ்கிரிப்டும் அங்கிருந்துதான் வர வேண்டும். திருச்சி ஆர்.ஈ.சி. 2003-ல்தான் என்.ஐ.டி. ஆனது. ஆர்.ஈ.சி. காலத்தில் பட்டம் வாங்கியவர் என்.ஐ.டி. பெயரைப் படிவத்தில் எழுதினால் பட்டத்தில் உள்ள பெயரோடு பொருந்தாது. 2007-க்குப் பிறகு அண்ணா பல்கலைக்கழகம் பல துண்டாகப் பிரிந்து, 2012-ல் மீண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. அந்த இடைவெளியில் படித்தவர்களிடம் ஒரு செமஸ்டர் மார்க் ஷீட்டில் ஒரு பெயரும் அடுத்ததில் வேறு பெயரும் இருக்கும். ‘அண்ணா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, கோயம்புத்தூர்’ என்பதும் ‘அண்ணா யுனிவர்சிட்டி, சென்னை’ என்பதும் இன்று ஒரே நிறுவனம்தான் என்பது ஒட்டாவாவில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எந்த ஆண்டு பிரிந்தது, எந்த ஆண்டு சேர்ந்தது, இப்போது பதிவுகள் யாரிடம் என்று நான்கு வரியில் முகப்புக் கடிதத்தில் எழுதிவிடுங்கள். இதை எழுதாத கோப்புக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போது பொதுவாக வேண்டியவை: எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டுகளின் நகல், பட்டச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை, கட்டண ரசீது, அனுப்ப வேண்டிய முகவரி. அரியர் எழுதித் தேறிய மார்க் ஷீட்டுகளையும் விடாமல் சேருங்கள். மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ரக்சர்ஸ் விட்டு ஐந்தாம் செமஸ்டரில் எடுத்தவர் மூன்றாவதை மட்டும் வைத்தால், அந்தப் பாடம் தேறவே இல்லை என்று ஆகும். அரியர் இருந்ததற்காகக் கூச்சப்பட வேண்டாம். கனடாவில் யாரும் அதை எண்ணிப் பார்க்கப்போவதில்லை. பாடம் தேறியதா என்பதுதான் கணக்கு.

ஒரே தடவையில் மூன்று செட் வாங்கிவிடுங்கள். சி.ஏ.சி.பி.க்கு ஒன்று. குடியேற்ற மதிப்பீட்டை வேறு நிறுவனத்திடம் எடுக்க நேர்ந்தால் அதற்கு ஒன்று. தபாலில் தொலைந்தால் மாற்றுக்கு ஒன்று. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து அலைய வேண்டும்.

பல்கலைக்கழகம் உறையை உங்கள் கையில் கொடுத்து ‘நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதும் உண்டு. அப்படியானால் மூன்றைப் பாருங்கள்: உறை ஒட்டிய மடிப்பின் குறுக்கே முத்திரை இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, உறையின் மேல் உங்கள் பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்கிறதா. உள்ளே என்ன இருக்கிறது என்ற ஆவலில் பிரித்துவிட்டால் அந்த உறை வெறும் காகிதம். 

அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு இடும் முத்திரை, பற்றி ஒரு வார்த்தை. சென்னையில் ஏஜென்ட்டுகள் ‘ஹெச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன், எம்.ஈ.ஏ. அப்போஸ்டில்’ என்று ஒரு கட்டணப் பட்டியலை நீட்டுவார்கள். வளைகுடா வேலைக்கு அந்த வழக்கம் உண்டு. பல்கலைக்கழகமே நேராக அனுப்பும் ஆவணத்துக்கு அந்த முத்திரைகள் எதையும் கூட்டுவதில்லை. எழுத்தில் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

மதிப்பெண்ணை விட சிலபஸ் முக்கியம்

சான்று கிடைப்பதும் கிடைக்காததும் இந்தப் பகுதியில்தான். ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷனா, வெறும் செகண்ட் கிளாஸா என்பதை மதிப்பீட்டாளர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கனடியக் கல்வித் தரம் என்ற அளவுகோல் ஒன்று இருக்கிறது. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் அதில் உள்ள வகைகளோடு ஒப்பிட்டு, எவ்வளவு நேரம் எதைப் படித்தீர்கள் என்று கூட்டிப் பார்ப்பார்கள். ஆகவே கோப்பில் மிக அதிகப் பக்கம் பிடிக்க வேண்டியது சிலபஸ்.

ஒவ்வொரு பாடத்துக்கும் பாடக் குறியீடு, பெயர், வாரத்துக்கு எத்தனை பீரியட், கிரெடிட், யூனிட் வாரியாக உள்ளடக்கம் இவை தெரிய வேண்டும். அண்ணா பல்கலைக்கழக சிலபஸில் எல், டி, பி, சி என்று நான்கு எண்கள் பாடத் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும். எல் என்றால் விரிவுரை, டி டியூட்டோரியல், பி செய்முறை அல்லது ஸ்டூடியோ, சி கிரெடிட். 3-0-0-3 என்று இருந்தால் வாரம் மூன்று விரிவுரை, 15 வாரத்துக்கு 45 பீரியட். 0-0-14-7 என்று இருக்கும் ஸ்டூடியோ 210 பீரியட். இந்த மொத்த பீரியட் எண் பாடத்தின் கடைசி வரியில் அச்சாகியிருக்கும். பக்கத்தை வெட்டி ஒட்டும்போது பலரும் தொலைப்பது அந்த வரியைத்தான்.

நம் கிரெடிட்டும் வட அமெரிக்கக் கிரெடிட்டும் ஒன்று என்று நினைக்காதீர்கள். அங்கே பொதுவாக 15 விரிவுரை மணிக்கு ஒரு கிரெடிட். ஸ்டூடியோ என்றால் 30 முதல் 45 மணிக்கு ஒன்று. விரிவுரைப் பாடங்களில் நம் எண்ணும் அவர்கள் எண்ணும் ஏறத்தாழப் பொருந்தும். ஸ்டூடியோவில்தான் குறையும்: நம் 7 கிரெடிட் அவர்கள் கணக்கில் 5-க்கும் 7-க்கும் நடுவே எங்காவது நிற்கும். மணிக்கணக்கை நீங்களே திருத்தி எழுதக் கூடாது. பல்கலைக்கழகம் அச்சிட்டதை அப்படியே கொடுத்து, ஒரு பீரியட் எத்தனை நிமிடம், ஒரு செமஸ்டர் எத்தனை வாரம் என்பதை மட்டும் தனித்தாளில் சொல்லுங்கள்.

இப்போது பெரிய தவறு ஒன்று. இணையத்தில் முதலில் கிடைக்கும் சிலபஸை இறக்கி வைத்துவிடுவது. நீங்கள் படித்தது எந்த ரெகுலேஷன், அதாவது எந்த ஆண்டின் பாடத்திட்டம் என்று பாருங்கள். மார்க் ஷீட்டில் பாடக் குறியீட்டின் எழுத்துகளுக்கு அடுத்த முதல் இலக்கமே அதைச் சொல்லிவிடும்: 6-ல் தொடங்கினால் 2013 ரெகுலேஷன், 8-ல் தொடங்கினால் 2017 ரெகுலேஷன். பாடத்தின் பெயர் ஒன்றாகவே இருக்கும். குறியீடும் யூனிட்டுகளும் மாறியிருக்கும். டிரான்ஸ்கிரிப்டில் ஒரு குறியீடு, சிலபஸில் இன்னொன்று என்று இருந்தால் மதிப்பீட்டாளர் அந்தப் பாடத்தைச் சேர்க்க மாட்டார். நடுவில் படிப்பை நிறுத்தி ரீ-அட்மிஷன் வாங்கியவர்கள் இரண்டு ரெகுலேஷனில் படித்திருக்கலாம். அவர்கள் இரண்டு சிலபஸையும் வைத்து, எந்த செமஸ்டர் எதன் கீழ் என்று குறிக்க வேண்டும்.

எலெக்டிவ் பாடங்களில் நீங்கள் எடுத்தவற்றின் பக்கங்களை மட்டும் வையுங்கள். சிலபஸ் புத்தகத்தில் நாற்பது எலெக்டிவ் இருக்கும். அத்தனையையும் அனுப்பினால் உங்கள் ஆறு அதில் மூழ்கிப்போகும்.

கிரெடிட் முறை வருவதற்கு முன் படித்தவர்களுக்கு வேலை கொஞ்சம் கூடும். அந்தக் கால சிலபஸில் பாடப் பொருள் இருக்கும், மணி இருக்காது. கல்லூரியில் பழைய டைம்டேபிள் அல்லது திட்ட அறிக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் பாடவாரியாக வாரப் பீரியட், வாரங்கள், மொத்தம் என்று ஒரு பட்டியல் தயாரித்து, கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் துறைத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். நீங்களே டைப் செய்து கையெழுத்திட்ட பட்டியலை யாரும் நம்பப்போவதில்லை. பல்கலைக்கழகத்தில் கல்விப் பாடப்பிரிவு என்று ஒரு அலுவலகம் இருக்கும். பழைய சிலபஸ் அங்கே அலமாரியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நேரில் போனால்தான் கிடைக்கும். மெயில் போட்டுக் காத்திருப்பது வீண்.

பி.ஆர்க். தவிர வேறு என்ன படித்திருந்தாலும் அதையும் சேருங்கள். எம்.ஆர்க்., எம்.பிளான். மட்டும் அல்ல, பாலிடெக்னிக் டிப்ளமாவையும்தான். டிப்ளமா முடித்து பி.ஆர்க். வந்தவர்கள் அதை மறைத்துவிடுவதுண்டு, ஏதோ குறை போல. அந்தக் கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் கட்டட வரைவும் கணக்கில் ஏறுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் மதிப்பீட்டாளர். அதன் மார்க் ஷீட்டும் சான்றும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் சம்பந்தப்பட்டவை, கல்லூரியோடு நிற்காது.

பிராக்டிகல் டிரெய்னிங் செமஸ்டரைப் பற்றி ஒளிவுமறைவு வேண்டாம். அலுவலகத்தில் வேலை பார்த்த அந்த மாதங்களை வகுப்பு மணியாகக் காட்ட முயன்றால் அடுத்த பக்கங்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பயிற்சி என்றே எழுதுங்கள்.

பெயர்

தமிழ்ப் பெயர் கனடியப் படிவத்துக்குள் நுழையும்போது உடையும். மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் ஆர்’. பட்டச் சான்றிதழில் ‘ஆர். கார்த்திக்’. பாஸ்போர்ட்டில் கிவன் நேம் கார்த்திக், சர்நேம் ராமசாமி. கல்யாணமான பெண்ணுக்கு அப்பா பெயர் ஒன்றில், கணவர் பெயர் இன்னொன்றில். சான்று யார் பெயரில் அச்சாகிறதோ அதே பெயரில்தான் பிறகு ஓ.ஏ.ஏ. பதிவு, தேர்வு, உரிமம் எல்லாம் போகும். ஆகவே விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பெயரையே எழுதுங்கள். மற்ற ஆவணங்கள் அதோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதற்கு ஒரு அஃபிடவிட் வையுங்கள்.

நோட்டரி முன்னிலையில், ஆங்கிலத்தில், ‘இந்த இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கும்’ என்ற அஃபிடவிட் போதும். அதில் ஒவ்வொரு ஆவணத்தையும் அதன் எண்ணோடு குறிப்பிட்டு, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அந்த எழுத்துக்கூட்டலை மாற்றாமல் போடுங்கள். இனிஷியல் என்றால் தந்தை பெயரின் முதல் எழுத்து, தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை என்று ஒரு வாக்கியமும் சேருங்கள். நமக்கு இது சொல்லத் தேவையில்லாத செய்தி. அங்கே ‘ஆர்’ என்பதைக் குடும்பப் பெயராகவே பதிந்துவிடுவார்கள். எழுத்துக்கூட்டலே மாறியிருந்தால், தெய்வநாயகி ஒன்றில் ‘டி’யிலும் மற்றொன்றில் ‘டி-ஹெச்’சிலும் தொடங்கினால், அதையும் விடாமல் எழுதுங்கள். பெயரையே சட்டப்படி மாற்றியவர்கள் தமிழ்நாடு அரசிதழின் பக்கத்தை வைக்க வேண்டும். அது தமிழில் இருந்தால் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில ஆக்கம் கூடவே வேண்டும். மார்க் ஷீட்டும் பட்டமும் ஆங்கிலத்தில் இருப்பதால் அவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

இலங்கையில் படித்தவர்களுக்கு இதே சிக்கல் வேறு வடிவில் வரும். நான்கைந்து இனிஷியலும் ஒரு பெயரும் பட்டத்தில் இருக்க, பாஸ்போர்ட்டில் அத்தனையும் விரிந்திருக்கும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் முன்பு மூன்று ஆண்டு பி.எஸ்ஸி. பில்ட் என்விரான்மென்ட் முடித்து அதன்மேல் எம்.எஸ்ஸி. ஆர்க்கிடெக்சர் படித்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் இரண்டு டிரான்ஸ்கிரிப்டையும் இரண்டு சிலபஸையும் ஒன்றாக அனுப்ப வேண்டும். எம்.எஸ்ஸி.யை மட்டும் அனுப்பினால் வெறும் இரண்டு வருடப் படிப்பாகத்தான் தெரியும்.

கோப்பை அடுக்குவது

மேலே ஒரு பக்க முகப்புக் கடிதம். அதில் படித்த ஆண்டுகள், பல்கலைக்கழகம், ரெகுலேஷன், பெயர் விளக்கம். அடுத்து விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் நகல், அஃபிடவிட், பட்டச் சான்றிதழ் நகல். பிறகு செமஸ்டர் வாரியாகப் பாடப்பட்டியல், சிலபஸ் பக்கங்கள். பாடப்பட்டியலின் கடைசிக் கட்டத்தில் ‘சிலபஸ் பக்கம்’ என்று ஒரு எண் போட்டுவிட்டால் மதிப்பீட்டாளர் தேட வேண்டாம். பத்து செமஸ்டர், அறுபது எழுபது பாடம். எல்லாப் பக்கத்துக்கும் தொடர் எண் போடுங்கள். எந்த ஆவணம் தபாலில், எது மின்வழியில் என்பது படிவத்திலேயே இருக்கும். அதை மீறி ‘இதையும் வைத்துப் பார்ப்போம்’ என்று அசல் சான்றிதழை அனுப்பிவிடாதீர்கள். உள்ளே போன காகிதம் திரும்பி வராது என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டணம் கனடிய டாலரில். வெளிநாட்டுப் பட்டத்துக்கும் கனடியப் பட்டத்துக்கும் தொகை வேறு. கட்டும் நாளில் வாரியத்தின் தளத்தில் இருக்கும் தொகையைப் பாருங்கள். நண்பர் போன வருடம் கட்டியதை நம்ப வேண்டாம்.

ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே இதையெல்லாம் முடித்துவிடுவது நல்லது. டொரான்டோவின் ஸ்கார்பரோவில் உட்கார்ந்துகொண்டு கிண்டி அலுவலகத்தில் ஒரு டிரான்ஸ்கிரிப்ட்டை நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று போனவர்களைக் கேட்டால் தெரியும். போக நேர்ந்துவிட்டால், யாராவது ஒருவருக்கு அதிகாரக் கடிதமும் உங்கள் அடையாள அட்டை நகலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குறை இருக்கிறது என்று வந்தால்

மூன்று விதமான பதில் வரலாம். ஆவணம் போதாது என்பது ஒன்று. அதை அனுப்பினால் தீரும். சான்று கொடுத்தாயிற்று என்பது இரண்டாவது. மூன்றாவது, இன்ன வகையில் இவ்வளவு படிப்புக் குறைகிறது என்பது. மூன்றாவதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். அது நிராகரிப்பு அல்ல, பாக்கிப் பட்டியல்.

முதலில் பாக்கி உண்மையா, காகிதத்தில் மட்டுமா என்று பாருங்கள். ‘பில்டிங் சர்வீசஸ்’ என்ற ஒரே தலைப்பில் நம் பாடத்தில் தண்ணீர், மின்சாரம், ஒளி, ஏர் கண்டிஷனிங், தீயணைப்பு எல்லாம் அடங்கியிருக்கும். சிலபஸில் யூனிட் விவரம் சரியாக இல்லாததால் கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம். அப்படியானால் முழு சிலபஸையும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தையும் வைத்து மறுபடி பார்க்கக் கேளுங்கள். அனுபவத்தைக் காட்டி வாதாடுவது மட்டும் பலிக்காது. ‘பத்து வருடம் தளத்தில் நின்றிருக்கிறேன்’ என்பது உண்மையாகவே இருந்தாலும், இந்த மேசையில் எடை போடுவது படிப்பைத்தான்.

உண்மையான பாக்கி என்றால் பாடம் படித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆல்பர்ட்டாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகம் தொலைநிலையில் ஆர்க்கிடெக்சர் பாடங்கள் நடத்துகிறது. வேலையை விடாமல் படிக்க அது ஏற்றது. எந்தப் பாடத்தில் சேருவதாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அந்தப் பாடத்தின் விவரத்தை சி.ஏ.சி.பி.க்கு அனுப்பி, ‘இது இன்ன பாக்கியை அடைக்குமா’ என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தலைப்பை மட்டும் பார்த்துச் சேர்ந்து, ஒரு செமஸ்டர் போன பிறகு ‘இது அந்த வகையில் வராது’ என்று கேட்டால் பணமும் போச்சு, நேரமும் போச்சு.

சான்று கைக்கு வந்ததும்

அடுத்த நாளே மாகாண அமைப்பில் இன்டர்னாகப் பதியுங்கள். வேலை பார்க்கும் அலுவலகத்தில் உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவர் மேற்பார்வையாளராகவும், அலுவலகத்துக்கு வெளியே இன்னொரு ஆர்க்கிடெக்ட் வழிகாட்டியாகவும் வேண்டும். வழிகாட்டி யார் என்று யோசிக்கத் தொடங்குவது பலருக்குக் கடைசி நிமிடத்தில்தான். சான்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களே அதற்கு நல்ல நேரம். 3,720 மணியும் டிசைன், ஒர்க்கிங் டிராயிங், கட்டுமானக் கண்காணிப்பு, நிர்வாகம் என்று பிரிந்திருக்கும். ஓர் அலுவலகத்தில் நல்ல டிராயிங் போடுபவர் என்று பேர் வாங்கினால் வருடக்கணக்கில் அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள்; தளத்துக்குப் போகும் மணி ஏறவே ஏறாது. ஆரம்பத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள். இந்தியாவில் பார்த்த வேலையைக் காட்ட இடமுண்டு, ஆனால் ஒரு பகுதியாவது கனடாவில், கனடிய ஆர்க்கிடெக்ட்டின் கீழ் இருந்தாக வேண்டும்.

2,800 மணி சேர்ந்தவர்கள் எக்ஸாக் எழுதலாம். நான்கு பகுதிகள், வருடத்துக்கு ஒரு முறை, நவம்பரில். மணி சேர்ந்தும் பதிவேட்டை நேரத்துக்கு அனுப்பாததால் அந்த நவம்பரைத் தவறவிட்டால் அடுத்த நவம்பர்தான். கியூபெக் போகிறவர்களுக்குக் கூடுதலாகப் பிரெஞ்சு அறிவும் சட்டப்படி வேண்டும்.

உரிமம் வரும் வரை பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள உங்களுக்கு இருப்பது ‘பி.ஆர்க்.’ என்ற பட்டமும், பதிந்த பிறகு மாகாண அமைப்பு அனுமதிக்கும் ‘இன்டர்ன் ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரும்தான். இந்தியப் பதிவெண்ணை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். பின்னாளில் பெஃபா வழியை யோசிக்க நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.